அரிசியளவு

குவோபியோ நகரத்துக்கு வெளியே
ஏரியைப் பார்த்த சரிவில்
நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் வரப்போகின்றன.
வரைபடத்தில் வந்தே விட்டன,
பால்கனியில் பூந்தொட்டியோடு.

ஏப்ரல். நிழலில் இன்னும் பனி.
ஆஸ்பென் மரத்தடியில் மண்டியிட்டிருக்கிறாள்
இர்மெலி ஹூர்மே.
பிரார்த்தனை என்று நினைத்து
நாயோடு போனவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.
அவள் தேடுவது புழுக்கை.

பறக்கும் அணிலின் புழுக்கை.
அரிசியளவு.
குளிர்காலம் முழுக்க
ஆல்டர் மரத்தின் பூச்சரம் தின்ற மஞ்சள்.
அது கிடந்தால், மேலே பொந்தும் இருந்தால்
அந்த மரத்தை வெட்டக் கூடாது.
அந்த மரத்துக்கு வரும் மரங்களையும்.

முதுகில் கோடில்லாத அணில் இது.
எந்தப் பாலத்துக்கும் மணல் சுமந்ததில்லை,
எவரும் தடவிக் கொடுத்ததில்லை.
கக்கத்தில் கொஞ்சம் காற்றை
மடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.
இருபது வருட வேலையில்
இர்மெலி அதை நான்கு முறை பார்த்திருக்கிறாள்.
அதில் ஒன்று செத்தது.

கட்டுமான நிறுவனத்தின் ஏஸ்கோ
ஃபிளாஸ்கில் காபி கொண்டுவருவான்.
"தங்கம் கிடைத்ததா?" என்பான்.
கெட்டவன் இல்லை.
வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியல்
அவன் சட்டைப்பையிலேயே இருக்கிறது,
மடித்து மடித்து ஓரம் கிழிந்து.

பதினேழாவது மரம்.
தனியாய் நின்ற இளம் பைன்.
அதன் அடியில்
நாற்பது மணி, குவியலாய்,
யாரோ படி அளந்து கொட்டியதுபோல.
நேற்றிரவுப் பனிக்கு மேலே
காய்ந்து கிடக்கிறது போன மாதத்து எச்சம்.
கையுறையின் விரல் தடம்கூட இருக்கிறது.

தெருக்கோடி நீல வீட்டில்
ஒரு திரைச்சீலை அசைந்தது.
ஹில்க்காவின் வீடு.
காடு போய்விடக் கூடாது என்று
இரண்டு வருடமாகக் கையெழுத்து வாங்குகிறவள்.
எந்தக் காட்டிலிருந்து பொறுக்கினாளோ,
எத்தனை நாள் குனிந்தாளோ.

இர்மெலிக்கும் காடு வேண்டும்தான்.
குறிப்பேட்டைத் திறந்தாள்.
பென்சில் கொஞ்ச நேரம் எழுதவில்லை.
ஒரு பொய்ச்சாட்சி அகப்பட்டால் போதும்,
அடுத்த ஊரில் மெய்ச்சாட்சியையும்
கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள்.
"மரம் 17: இல்லை."
நாற்பதையும் பொறுக்கிப் பைக்குள் போட்டாள்.
திரைச்சீலைப் பக்கம் திரும்பவில்லை.

பதினெட்டு, இல்லை.
முப்பது, இல்லை.
நாற்பத்தொன்றில் முயல் போட்டது.
முழங்கால் நனைந்து
உணர்ச்சி போய்விட்டது.

அறுபத்து நான்கு, கிழட்டு ஆஸ்பென்.
மரங்கொத்தி விட்டுப்போன பொந்து.
அடியில் பாசிக்குள்
மூன்று.
மூன்றே மூன்று.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
மறுபடி எண்ணினாள். மூன்றுதான்.

கோடையில் வரைபடம் மாறியது.
ஏரிவரை ஒரு கீற்று மரங்கள்,
ஒரு தாவலுக்கு மிஞ்சாத இடைவெளியில்.
வீடுகள் எண்பத்தெட்டு.
ஏஸ்கோ விரல்விட்டுக் கணக்குப் போட்டான்:
"ஒரு புழுக்கைக்கு எட்டு வீடு."
சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.
ஹில்க்கா எவரோடும் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

உண்ணித் தடுப்பூசிக்காக
சுகாதார நிலையத்துக்குப் போனாள் இர்மெலி.
நர்ஸின் மார்பில் பெயர்: சைமி ரசானென்.
ஒற்றை அறையில் இரண்டு பிள்ளைகள் என்று
பேச்சுவாக்கில் சொன்னாள்.
பட்டியலில் தொண்ணூற்றொன்று என்றும்.

"நீங்கள்தானே அந்த அணில்காரி?"

"ஆமாம்."

"எப்படி இருக்கும் அது?"

"சாம்பல் நிறம். கண் பெரிது.
அங்கே இருப்பதை
நான் பார்த்ததில்லை."

பஞ்சால் தோளைத் துடைத்தாள் சைமி.
"என் வீட்டை நானும்தான்" என்றாள்.
கோபம் இருந்ததா
என்று குரலில் தெரியவில்லை.
"கையைத் தளர்த்துங்கள்."

ஊசி வலிக்கவே இல்லை.